தலையாட்டாத டீச்சர்

2025 ஜூன் 27, வெள்ளிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.25க்கு மோட்டார் போட்டு 5.45க்கு நிறுத்தினேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் இரண்டு பாக்கெட். 6.15க்குக் காபி. காலைக்கு இட்லி, மதியத்துக்குச் சாம்பாரும் கோவைக்காய்ப் பொரியலும். 9.25க்குக் கல்லூரி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டேன். சேர்க்கைக் காலம், கூட்டம். மாற்றுச் சான்றிதழ் முப்பத்தொன்று சரிபார்த்தேன். இரண்டில் பிறந்த தேதி தப்பு, திருப்பி அனுப்பினேன். மூன்று மணிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். 4.20க்கு மாடி வீட்டு டீச்சர் காலி செய்துகொண்டு கிளம்பினார். இரவு உப்புமா. 9.40க்குப் படுத்தேன்.

டைரியில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான். இருபத்தெட்டு வருடமாக எழுதுகிறேன். வந்தவர், போனவர், நேரம் எல்லாம் இருக்கும். டீச்சர் எங்கள் மாடியில் இருந்த எட்டு மாதத்தில் அவரைப் பற்றி நாற்பத்து மூன்று குறிப்புகள் இருக்கின்றன. ‘டீச்சர் சாவி வாங்கினார்.’ ‘டீச்சர் அம்மாவைப் பார்க்கப் போளூர் போனார்.’ அந்த நாற்பத்து மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்தால்கூட அவர் எப்படிப்பட்டவர் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் இது.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், ஆசிரமத்துக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. மாடிக்கு வருபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். மூன்று மாதம் இருப்பார்கள், கண்ணை மூடி உட்காருவார்கள், போவார்கள். டீச்சர் அப்படி வரவில்லை. அவர் போளூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். மலாவி நாட்டில் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் ஒன்பது வருடம் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை என்று வந்தார். வந்த இடத்தில் அங்கே வேலை செய்வதற்கான அனுமதி காலாவதியாகிவிட்டது. புதிது வரும்வரை இங்கிருந்தே போனில் பாடம் நடத்த வேண்டும். அண்ணன் வீட்டில் சிக்னல் கிடைக்கவில்லை. சிக்னல் தேடித்தான் எங்கள் மாடிக்கு வந்தார்.

முதல் நாள் வீட்டு விதிகளைச் சொன்னேன். தண்ணீர் எப்போது, கேட் எப்போது பூட்டுவோம், குப்பை வண்டி எப்போது வரும் என்று பதினொரு விஷயம். நான் பேசி முடிக்கும் வரை அவர் தலை அசையவே இல்லை. நம் ஊரில் எதிரில் இருப்பவர் ஒரு ‘ம்’ போட்டு, தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் நமக்குப் பேச வரும். இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

“புரிஞ்சுதாங்க?” என்றேன்.

பதினொன்றையும் வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னார். “சரியா சொல்லிட்டேனா?”

எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இப்படி ஒரு குடித்தனக்காரர் கிடைப்பாரா என்று நினைத்தேன். அடுத்து அவர் தன் பக்கத்து விஷயங்களைச் சொன்னார். சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டார். மாலை ஐந்தரை முதல் ஆறே கால் வரை அவருக்கு வகுப்பு, அப்போது யாரும் மேலே வரக் கூடாது. நான் தலையாட்டினேன்.

“இப்ப நீங்க சொல்லுங்கக்கா.”

“எதை?”

“நான் சொன்னதை.”

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளர். ஆறு பேர் என்னிடம் ஒப்பிக்கிறார்கள். சொன்னேன், ஆனால் முகம் சுருங்கித்தான் சொன்னேன். உள்ளே இருந்த என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டிருக்கும். “உன்னையே ஒப்பிக்க வச்சிட்டாங்களா? நல்லா வேணும்!”

அவருக்குச் சிமெண்ட் கடை. “எங்க மாடி டீச்சர் கழுத்துக்கு யாரோ நம்ம கடை மூட்டையைத்தான் பூசிட்டாங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

தலை ஏன் அசையாது என்பதை டீச்சரே ஒரு நாள் சொன்னார். மலாவிக்குப் போன புதிதில், பிள்ளைகள் கரும்பலகையில் கணக்குப் போடுவார்கள். சரியாக இருந்தால் இவர் நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். அவர்களுக்கு ‘ஆமாம்’ என்றால் மேலும் கீழும்; பக்கவாட்டில் போனால் ‘இல்லை’. காது கேட்கிற பிள்ளைகள் என்றால் குரலை வைத்துப் புரிந்துகொண்டிருப்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு முகமும் கையும்தான் எல்லாம். சரியாகப் போட்ட கணக்கை அழித்துவிட்டு வேறு விடை எழுதினார்கள்.

“மூணு வாரம்கா. ஏழும் அஞ்சும் பன்னெண்டுனு எழுதிட்டு என் மூஞ்சியைப் பார்ப்பாங்க. நான் சந்தோஷமா தலையாட்டுவேன். உடனே அழிச்சிட்டு பதிமூணுனு எழுதுவாங்க. இதுங்களுக்கு ஒண்ணுமே தெரியலைனு நான் ராத்திரி அழுதிருக்கேன். பாவம், அதுங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு.”

அதிலிருந்து தலையைக் கட்டிப்போட்டுவிட்டார். முதலில் வகுப்பில் மட்டும். பிறகு எங்கேயும் ஆட வரவில்லை.

தான் தலையாட்டுவதில்லை என்பதோடு அவர் நிற்கவில்லை. மற்றவர் தலையாட்டினாலும் ஏற்க மாட்டார். அதுதான் அவரோடு பழகுவதில் கஷ்டம். குழாய் மாற்ற வந்த பிளம்பரை, எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மூன்று தடவை சொல்ல வைத்தார். அந்த ஆள் ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். டீச்சரின் அம்மாவுக்கு மருந்து வாங்க நானும் ஒரு நாள் கூடப் போனேன். கடைக்காரர் அட்டைகளைப் பையில் போட்டுத் தலையாட்டினார்.

“எது காலைல, எது ராத்திரி? சொல்லுங்க” என்றார் டீச்சர்.

பின்னால் நின்றவர் பொறுமை இழந்தார். “இன்னாம்மா, கடைக்காரருக்கே பரிச்சை வைக்கிறியா?”

டீச்சர் திரும்பிப் பார்த்தார். “ஆமாங்க. அடுத்தது உங்களுக்குத்தான்.”

கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். ஒரு அட்டையை மாற்றிச் சொன்னார். அதைத் திருத்திவிட்டுத்தான் டீச்சர் பணம் கொடுத்தார். வெளியே வந்ததும், “ஏன் இப்படி எல்லார் கிட்டயும்?” என்று கேட்டேன். நடந்துகொண்டே சொன்னார். அவரை உட்கார வைத்துப் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. எதைச் சொன்னாலும் நடந்துகொண்டேதான். மாடியில் இருந்தாலும் நடைதான். கீழே கூடத்தில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே சுவருக்குச் சுவர் காலடி கேட்கும்.

மலாவியில் அவரிடம் பத்து வயதில் ஒரு பெண் வந்து சேர்ந்திருக்கிறாள். வீட்டில் யாருக்கும் அவளோடு பேசத் தெரியாது. சாப்பிடு, வா, போ, ஆட்டைக் கட்டு. அதற்கு மேல் பத்து வருடம் அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தனக்கு ஒரு பெயர் இருப்பதே தெரியாது. வகுப்பில் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவாள். டீச்சர் ஏழு மாதம் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதியிருக்கிறார். ஒரு நாள் விளையாட்டாக, நீ ஆடா என்று கையால் கேட்டார். தலையாட்டினாள். இந்தக் கல் மீனா? ஆட்டினாள். நான் செத்துப்போய்விட்டேனா? அதற்கும் சிரித்துக்கொண்டே ஆட்டினாள்.

“அங்கயே தரைல உக்காந்துட்டேன். தலையாட்டறதுங்கறது அதுங்களுக்கு ஒளிஞ்சிக்கிற இடம்கா. ஆட்டினா யாரும் அடிக்க மாட்டாங்க, திரும்பக் கேக்க மாட்டாங்க, விட்டுடுவாங்க. நானும் ஏழு மாசம் விட்டுட்டேன்.”

அன்றிலிருந்து அவர் வகுப்பில் ஒரே சட்டம். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் யாரும் தலையாட்டக் கூடாது. என்ன புரிந்தது என்பதைக் கையால் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினெட்டு வயது. டீச்சர் இங்கே இருந்த மாதங்களில் அங்கே வகுப்பில் நின்றவள் அவள்தான். ஒரு நாற்காலி மேல் டேப்லெட்டை நிறுத்தி வைப்பாள். டீச்சர் திரையில் கையால் பேசுவார், அவள் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் திரை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவாள். மொத்தம் பத்தொன்பது பேர்.

மேலே வரக் கூடாது என்று சொல்லியிருந்தாலும் துணி எடுக்கப் போகிற சாக்கில் மாடிப்படியில் நின்று இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஒரு சத்தமும் இருக்காது. கை மட்டும் பறக்கும். தலை அசையாத அந்த மனுஷிக்கு வகுப்பில் புருவம், கன்னம், தோள், விரல் எல்லாம் ஓடும். ஒரு தடவை அங்கே மழை. திரை முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் வகுப்பு நிற்கவில்லை. முடிந்ததும் டீச்சர் சிரித்தார்.

“தகரக் கூரைக்கா. மழை வந்தா அந்த ஸ்கூல்ல எல்லா வகுப்பும் நின்னுடும், டீச்சர் கத்தறது யாருக்கும் கேக்காது. எங்க வகுப்பு மட்டும் நடக்கும். எங்களுக்கு வெளிச்சம் போனாத்தான் போச்சு.”

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரையும் காட்டினார். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், கண்ணை மட்டும் தூக்கி வானத்தைப் பார்ப்பது. இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டும் என்று ஓடுகிறவர் என்று அர்த்தம். இங்கேயும் ஓட்டம்தான். ஆறே காலுக்கு வகுப்பு முடியும். மார்கழியில் அதற்குள் சூரியன் போய்விடும். அந்த நாட்களில் ஐந்து மணிக்கே நின்றபடி இரண்டு சப்பாத்தியைச் சுருட்டிக் கடித்துக்கொண்டிருப்பார். அதுவும் முடியாவிட்டால் மறுநாள் காலைதான்.

ஏப்ரல் மாதப் பௌர்ணமி அன்று அவருக்குப் பாடம் நடக்கவில்லை. பௌர்ணமி என்றால் எங்கள் பகுதியில் மாலை நான்கு மணிக்கு மேல் போனில் நெட் வராது. லட்சக்கணக்கில் ஜனம் கிரிவலம் வரும், எல்லார் கையிலும் போன். எங்கள் கூடத்தில் இருக்கும் மோடத்துக்குக் கம்பி வழியாக வருவதால் அது மட்டும் ஓடும். எனக்கு அது பழகிப்போன விஷயம், சொல்லத் தோன்றவில்லை.

மே மாதம் அவருக்கு ஒரு முக்கியமான செய்தி வந்தது. அந்தப் பள்ளியில் இவர்களுடைய வகுப்புக்கு இரண்டு ஜன்னல் உள்ள அறை. அந்த அறையை ஏழாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டு, இவர்களை மக்காச்சோளம் வைக்கும் கிடங்குக்கு அனுப்பலாம் என்று ஒரு யோசனை. கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. மின்சாரமும் கிடையாது. டீச்சர் இல்லாத வகுப்பு உண்மையில் நடக்கிறதா என்று கல்வி அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். நடந்தால் அறை இவர்களுக்கு, இல்லாவிட்டால் கிடங்கு. அவர் வருவது மே 12, திங்கட்கிழமை, அங்கே பகல் இரண்டு மணி. இங்கே மாலை ஐந்தரை. அன்றைக்குச் சித்ரா பௌர்ணமி.

இவ்வளவும் எனக்கு மே 13 அன்றுதான் தெரியும். மே 10 அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

மே 10, சனிக்கிழமை காலை நான் மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். வெயில் ஏறுவதற்குள் கூழ் முழுவதையும் பிழிந்துவிட வேண்டும். டீச்சர் பக்கத்தில் வந்து நடந்துகொண்டே பேசினார். மூன்று நான்கு நிமிஷம் பேசியிருப்பார். பௌர்ணமி என்றார், நெட் என்றார், ஐந்தரை என்றார். ஏப்ரலில் நடக்காமல் போனதைப் பற்றித்தான் புலம்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வரிசைக் கணக்கு விட்டுப்போகக் கூடாது. “சரிங்க டீச்சர்” என்று தலையாட்டினேன்.

அவர் என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. ஏழு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை எங்கள் வழக்கம் மாறவில்லை. பௌர்ணமிதோறும் நானும் வீட்டுக்காரரும் 4.40க்குக் கிளம்புவோம். கிளம்பும்முன் காஸ், மோட்டார், டிவி, மோடம், வாசல் விளக்கு என்று வரிசையாக அணைப்பேன். போனை அலமாரியில் வைத்துவிடுவேன். மலையைச் சுற்றும்போது போன் கூடாது என்பது நானாக வைத்துக்கொண்ட விதி. பூட்டிக்கொண்டு போனோம். 9.50க்குத் திரும்பினோம். டைரியில், ‘கூட்டம் ஜாஸ்தி. ஐந்து மணி நேரம் பத்து நிமிஷம். எல்லாம் அணைத்துவிட்டுப் போனதால் கவலையில்லாமல் நடந்தோம்’ என்று எழுதினேன்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு டீச்சர் கீழே வந்தார்.

“அக்கா, சனிக்கிழமை மாடில நான் உங்க கிட்ட என்ன சொன்னேன்?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “பௌர்ணமி... நெட்டு... ஏதோ அஞ்சரைக்குனு...”

“ஏதோ?”

டைரியை எடுத்துப் பார்த்தேன். ‘வடகம் பதினான்கு வரிசை. மாடியில் டீச்சரும் இருந்தார்.’

“அதுல இல்லையாக்கா?” என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே இருக்கும் என்று எதிர்பார்த்தார்.

பிறகு சொன்னார். ஐந்தேகாலுக்குக் கீழே வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. மோடம் அணைந்திருக்கிறது. என் எண்ணுக்குப் போட்டிருக்கிறார். நெட் இல்லாவிட்டாலும் நாலைந்து முறை அடித்தால் ஒரு அழைப்பு போய்ச் சேரும். “உங்க போன் உள்ளதான் அடிச்சுது. வாசல்ல நின்னு கேட்டுட்டே இருந்தேன்.” செங்கம் ரோட்டுக்கு ஓடி ஒரு காபிக் கடையில் கேட்டிருக்கிறார். உள்ளே நாற்பது பேர், எல்லார் கையிலும் அதே வைஃபை. இன்னொன்று மூடியிருந்தது. ஜனத்துக்குள் புகுந்து திரும்பி வந்து, ஆறு ஐந்துக்கு ஒரு கணம் படம் வந்தது. வகுப்பறைக் கூரை தெரிந்தது. அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

மாட்டிக்கொண்டால் மனிதர்கள் சொல்லும் கேவலமான ஒன்றைச் சொன்னேன்.

“நீங்க என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கணும் டீச்சர். எல்லாரையும் கேக்கறீங்க இல்ல?”

“ஆமா. உங்களைக் கேக்கலை. நீங்க எல்லாத்தையும் எழுதி வைக்கிறவங்க, கேட்டா நல்லா இருக்காதுனு விட்டுட்டேன்.” போனை எடுத்து நீட்டினார். “இன்னும் ஒண்ணு இருக்குக்கா. பாருங்க.”

அந்தப் பதினெட்டு வயதுப் பெண் டேப்லெட்டில் எடுத்து இரவே அனுப்பியிருந்த வீடியோ. அதை நான் பிறகு பல தடவை பார்த்திருக்கிறேன். டை கட்டிய அதிகாரி சுவரோரம் நிற்கிறார். பக்கத்தில் தலைமை ஆசிரியர். திரையில் டீச்சர் வராததால், டேப்லெட்டை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு அந்தப் பெண்ணே பாடம் நடத்துகிறாள். மலேரியா எங்கிருந்து வருகிறது என்ற பாடம். பதினைந்து நிமிஷம் கையாலேயே சொல்கிறாள். எனக்கே பாதி புரிந்தது. முடிந்ததும் அதிகாரி ஏதோ கேட்கிறார். தலைமை ஆசிரியருக்குச் சைகை மொழி தெரியாது. தன் நெற்றியைத் தொட்டு, புருவத்தை உயர்த்தி, ‘புரிந்ததா?’ என்று பிள்ளைகளிடம் காட்டுகிறார்.

பத்தொன்பது பேரில் ஒருவரும் தலையாட்டவில்லை.

தலைகள் அப்படியே நிற்கின்றன, கைகள் எழுகின்றன. பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் திருப்பிச் சொல்லத் தொடங்குகிறார்கள். அதிகாரி பின்னால் ஓர் அடி நகர்கிறார். மறுபடியும் கேட்கச் சொல்கிறார். மறுபடியும் தலை அசையவில்லை, கைகள் இன்னும் வேகமாகப் பறக்கின்றன. அதிகாரி தன் தலையைப் பக்கவாட்டில் அசைத்துவிட்டு ஒரு நோட்டில் எழுதுகிறார்.

டீச்சர் திரையில் விரல் வைத்துக் காட்டினார். “இவன் என்ன சொல்றான் தெரியுமா? ‘தேங்கின தண்ணில கொசு முட்டை போடும். எங்க வீட்டுக்குப் பின்னாடி பழைய டயர் ஒண்ணு இருக்கு, அதுல தண்ணி நிக்குது, இன்னிக்கே கவுத்துடுவேன்’னு சொல்றான். பாடத்துல டயரே கிடையாதுக்கா. அவனா யோசிச்சிருக்கான்.” விரலை எடுத்தார். “நான் தலையாட்ட விட்டிருந்தா ரூம் எங்களுக்கே நின்னிருக்கும்.”

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே நடை தொடங்கியது. முந்தின நாள் மதியத்திலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் உறைத்தது.

ஜூன் முதல் வாரம் அதிகாரியின் கடிதம் வந்தது. டீச்சர் போனில் காட்டினார். நான்கு வரி. ஆசிரியை இருக்கும் ஊரில் மின்தடை அடிக்கடி ஏற்படுவதால் திரை வழிப் பாடத்தை நம்ப முடியாது. பிள்ளைகள் கேள்விக்குப் பதில் தரவில்லை. புதிய கல்வியாண்டில் அறை ஏழாம் வகுப்புக்கு. எந்த வகுப்புக்கு எந்த அறை என்ற இறுதிப் பட்டியல் ஜூலைக் கடைசியில். அடியிலிருந்த முகவரியை நான் என் டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது, பழக்கம்.

“மின்தடையா?” என்றேன்.

“நான்தான் சொன்னேன். கரெண்ட் கட்னு.”

“ஏன் டீச்சர்?”

“கரெண்ட் கட்னா யாருக்கும் புரியும். ஒருத்தங்க தலையாட்டினாங்க, நான் நம்பிட்டேன்னு சொன்னா, அந்தப் பசங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார் என்று முதலில் நினைத்தேன். அப்படி மட்டும் இல்லை. ஆனால் அந்தப் பொய்யில் நான் சுகமாக ஒளிந்துகொண்டேன். வீட்டுக்காரரிடம்கூட, “பாவம், நெட்டு சதி பண்ணிடுச்சு” என்றுதான் சொல்லியிருந்தேன். அடுத்த மூன்று வாரம் மோடத்தை அணைக்கவே இல்லை. அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை போன் செய்து, விளக்கு பச்சையாக எரிகிறதா என்று வீட்டுக்காரரைப் பார்க்கச் சொன்னேன். “உனக்கு இன்னா ஆச்சு?” என்றார். டைரி எழுதும்போது நேரம் மறந்துபோய், குத்துமதிப்பாக எழுதினேன். எனக்கு அப்படி நடந்ததே கிடையாது.

ஜூன் இருபத்து மூன்றில் அவருக்கு வேலை அனுமதி வந்தது. இருபத்தேழில் கிளம்பினார். அன்று ஆட்டோ வந்து நிற்கிறது, பெட்டிகள் ஏறிவிட்டன. டீச்சர் என் வீட்டுக்காரரிடம் மாடிக் குளியலறைக் குழாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வாஷர் போயிருக்கு. இடது பக்கம் முழுசா திருப்பினா ஒழுகும், பாதில நிறுத்தணும். சொல்லுங்க பார்க்கலாம்.”

“இடது பக்கம், பாதி. நிறுத்திடணும். பாஸா டீச்சர்?”

“பாஸ்.” சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “போன உடனே அதுங்களுக்குத் தலையாட்டச் சொல்லிக் குடுக்கணும்க்கா. டை கட்டினவர் வந்தா ஆட்டுங்கனு.”

வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. அவரை ஆட்டோவுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்.

“டீச்சர், அந்தக் கரெண்ட் கட்... உள்ளதை அந்த அதிகாரிக்கு எழுதிடலாமா? அன்னிக்கு ஒரு நாள் தப்பு, அதுவும் என் தப்புனு தெரிஞ்சா, மறுபடியும் வந்து பார்ப்பாரோ என்னவோ.”

“எழுதினா நான் பொய் சொன்னதும் தெரியும்.”

“ஆமா.”

அவர் சந்து முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “தெரியட்டும். பசங்க கிட்ட அதை நானே சொல்லிக்கறேன். ஆனா நான் கேட்டு நீங்க எழுதினதா இருக்கக் கூடாது. உங்களுக்கா தோணி எழுதணும்.”

“சரிங்க” என்றேன். என்னை அறியாமல் தலை பக்கவாட்டில் ஆடியது.

அவர் ஆட்டோவில் ஏறவில்லை. என் முகத்தையே பார்த்தார். “சொல்லுங்க. என்ன எழுதப் போறீங்க?”

வாய் திறந்தேன். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் நிற்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எதிர்வீட்டு அம்மா வாசலில் நிற்கிறார். ஆட்டோக்காரர் ஆக்சிலேட்டரை முறுக்கினார். “இன்னாம்மா, கெளம்பலாமா? சென்னை பஸ்ஸு போயிடும்.”

டீச்சர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் ஆட்டோவுக்குள் சாய்ந்திருந்த பெட்டியை நேராக நிறுத்தினேன். அவர் ஏறி உட்கார்ந்தார். ஆட்டோ திரும்பும் வரை அவர் கண் என் மேல்தான் இருந்தது.

அன்று மாலை மாடி அறையைப் பெருக்கப் போனேன். தரையில் சுவருக்குச் சுவர் நடந்த தடம் லேசாகப் பளபளத்தது. பெருக்காமல் இறங்கி வந்துவிட்டேன். சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வடகம், தலையாட்டல், பூட்டின வீட்டுக்குள் அடித்த போன். கேலி செய்வார் என்று நினைத்தேன். உப்புமாவைப் பிசைந்துகொண்டே, “அந்தக் கடுதாசியை இங்கிலீஷ்ல எழுதணுமில்ல? உனக்குத்தான் வருமே” என்றார்.

மறுநாள் ஜூன் 28, சனிக்கிழமை. 4.35க்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை, வாசல் தெளிக்கவில்லை. முகம் கழுவியதும் முதல் வேலையாகக் கூடத்தில் விளக்கைப் போட்டு, கல்லூரியில் எழுதுவதுபோல் முழுத்தாளை நெடுக்காக மடித்து ஓரம் விட்டு, ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘ஐயா, மே 12 மாலை எங்கள் தெருவில் மின்சாரம் நிற்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு, மே 10 காலை, ஆசிரியை என்னிடம் மூன்று விஷயங்கள் சொன்னார். ஒன்று, திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்குத் தாங்கள் வகுப்பைப் பார்க்க வருகிறீர்கள். இரண்டு, பௌர்ணமி என்பதால் அவர் போனில் இணையம் வராது, எங்கள் வீட்டு இணைப்பு மட்டுமே அவருக்கு வழி. மூன்று, நாங்கள் வெளியே போனாலும் அதை அணைக்கக் கூடாது. நான் கேட்டுக்கொள்ளாமலே தலையாட்டினேன். அணைத்தவள் நான்.’